ஊதிப் பாக்குற ஆல்கஹால் டெஸ்டர்: எப்படி யூஸ் பண்றது, எப்படி பத்திரமா வச்சுக்கிறது

சொந்தமா ஒரு ப்ரெத் டெஸ்டர் வாங்கி வச்சிருக்கிறவங்க முக்காவாசிப் பேரு அத எடுக்கிறது ஒரே ஒரு கேள்விக்குத்தான், குடிச்சாச்சு, இப்ப வண்டி எடுக்கலாமா வேணாமா. மெஷின் "வேணாம்"னு காட்டுச்சுன்னா அப்படியே நம்புங்க. ஆனா "எடுக்கலாம்"னு சொல்ற வேலைய அதுகிட்ட குடுக்காதீங்க, அது அதுக்கான சாமானே இல்ல. ஏன்னு கீழ சொல்றேன்.

நாம குடிக்கிற ஆல்கஹால் ரத்தத்துல கலந்து நுரையீரலுக்குப் போகுது, அங்க கொஞ்சம் ஆவியாகி மூச்சோட வெளிய வருது. மெஷின் அந்த மூச்சுல இருக்கிறத அளந்து, ரத்தத்துல இவ்ளோ இருக்கும்னு கணக்குப் போட்டு காட்டுது, ரத்தத்த அது பாக்கவே இல்ல. அந்தக் கணக்குல பொதுவா எடுத்துக்கிற விகிதம் 2100க்கு 1, அதாவது 2100 மில்லி மூச்சுல எவ்ளோ ஆல்கஹாலோ அவ்ளோ 1 மில்லி ரத்தத்துல இருக்கும்னு. இது சராசரிதான், ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கே நேரத்துக்கு நேரம் மாறும். அதனால மெஷின் நல்ல கண்டிஷன்ல இருந்தாக்கூட ரீடிங்க கிட்டத்தட்டன்னுதான் எடுத்துக்கணும்.

உள்ள இருக்கிற சென்சார் ரெண்டு வகை. செமிகண்டக்டர் விலை கம்மி, ஆனா ஆல்கஹாலத் தவிர வேற ஆவிக்கும் ரியாக்ட் ஆகும், சிகரெட் புகை, பெயிண்ட் வாசனை, கண்ட்ரோல்ல இல்லாத சுகர் இருக்கிறவங்க மூச்சுல வர்ற அசிட்டோன், எல்லாத்துக்கும் ஏதாவது ஒரு நம்பர் காட்டிரும். ஃப்யூயல் செல் வகையில ப்ளாட்டினம் எலக்ட்ரோடு இருக்கும், ஆல்கஹால் அதுல பட்டு ஆக்சிடைஸ் ஆகும்போது வர்ற கரண்ட்ட வச்சு அளக்குது, அசிட்டோனுக்கெல்லாம் ஏமாறாது. வாங்கப் போறவங்க காசு கொஞ்சம் கூட ஆனாலும் ஃப்யூயல் செல்லே வாங்குங்க, செமிகண்டக்டர் வாங்குறதுக்கு வாங்காமலே இருக்கலாம்ங்கிறது என் அபிப்பிராயம்.

இப்ப ஊதுற விஷயம். தப்பான ரீடிங் வர்றதுல பெரும்பங்கு மெஷின் கோளாறே இல்ல, நேரம் பாக்காம ஊதுறதுதான். கடைசி மடக்கு குடிச்ச கையோட ஊதுனா வாயில ஒட்டிட்டிருக்கிற ஆல்கஹாலத்தான் அது அளக்கும், நம்பர் எங்கயோ போய் நிக்கும். 15 நிமிஷமாவது விடணும், 20 விட்டா இன்னும் நல்லது. அந்த நேரத்துல எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, புகை பிடிக்கக் கூடாது. நடுவுல ஏப்பம் வந்தாலோ வாந்தி எடுத்தாலோ வயித்துல இருக்கிறது திரும்ப வாய்க்கு வந்துரும், அதனால மறுபடி மொதல்ல இருந்து 15 நிமிஷம். மவுத்வாஷ், சில இருமல் சிரப், வாய்க்கு அடிக்கிற ஸ்ப்ரே, இதுலயும் ஆல்கஹால் இருக்கலாம், ஒரு சொட்டு கூட குடிக்காதவருக்கு ரீடிங் வருதுன்னா மொதல்ல இதத்தான் கேக்கணும். கையில சானிடைசர் போட்டுட்டு உடனே மெஷினப் பிடிக்காதீங்க, காயட்டும்.

ஊதுறதுக்கு முன்னாடி ஆன் பண்ணி அது ரெடின்னு காட்டுற வரைக்கும் பொறுங்க, செமிகண்டக்டர் சூடாகுறதுக்கு நேரம் எடுக்கும். சாதாரணமா ஒரு மூச்சு இழுத்து, ஒரே சீரா, நடுவுல நிறுத்தாம, பீப் சத்தம் நிக்கிற வரைக்கும் ஊதணும், பொதுவா 4, 5 செகண்ட் வரும். மொதல்ல வர்றது வாய்க் காத்து தொண்டைக் காத்து, நுரையீரலோட அடிக் காத்து கடைசிலதான் வரும், நமக்கு வேண்டியது அதான். மூச்ச ரொம்ப நேரம் அடக்கி வச்சு ஊதுனா ரீடிங் ஏறும், வேக வேகமா மூச்சு விட்டுட்டு ஊதுனா இறங்கும், ரெண்டுமே உங்களையே ஏமாத்திக்கிறதுதான். ரெண்டு மூணு நிமிஷம் விட்டு இன்னொரு தடவ ஊதிப் பாருங்க, ரெண்டும் ரொம்ப வித்தியாசமா வந்தா ரெண்டையும் நம்பாதீங்க.

நம்பர் வந்ததும் யூனிட்டப் பாருங்க, இதுல கோட்ட விடுறவங்க ஜாஸ்தி. ரத்தத்துல 0.05 சதவீதம்னா 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம், அதையே ஆயிரத்துக்குன்னு காட்டுற மெஷின்ல 0.5னு வரும், மூச்சுக்கணக்குல லிட்டருக்கு மில்லிகிராம்னு காட்டுற மெஷின்ல சுமார் 0.24னு வரும். மூணும் ஒரே அளவு போதைதான். செட்டிங் மாறிக் கிடந்து தெரியாம 0.24 தானேன்னு நினைச்சுட்டுப் போனா என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க. சட்ட லிமிட்டும் எல்லா இடத்துலயும் ஒண்ணு இல்ல, நீங்க ஓட்டுற இடத்துல என்னன்னு தெரிஞ்சு வச்சுக்கணும்.

மேல சொன்னேன்ல, "எடுக்கலாம்"னு சொல்ல அதால முடியாதுன்னு. குடிச்சு முடிச்ச பிறகும் வயித்துல இருக்கிறது ரத்தத்துக்கு ஏறிட்டேதான் இருக்கும், உச்சத்துக்குப் போக அரை மணியில இருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும் ஆகலாம், வயிறு நிறைய சாப்பிட்டிருந்தா இன்னும் லேட்டாகும். அதனால இப்ப லிமிட்டுக்கு கீழ காட்டுது, வண்டிய எடுத்து பாதி வழி போறப்ப அதே ஆளு லிமிட்டத் தாண்டியிருப்பாரு. லிமிட்டுக்குக் கீழ இருக்கும்போதே கவனமும் ரியாக்ஷனும் குறைய ஆரம்பிச்சிரும், அத மெஷின் அளக்கவே இல்ல.

அப்ப எதுக்குத்தான் அது உதவும்னா, மறுநாள் காலைல. உடம்பு மணிக்கு சுமார் 0.015 சதவீதம்தான் குறைக்கும், காபி குடிச்சாலும் தலைக்கு குளிச்சாலும் அந்த வேகம் கூடாது. நடுராத்திரி 0.12ல இருந்தவரு காலைல 6 மணிக்கு எந்திரிக்கும்போது இன்னும் 0.03ல இருப்பாரு, தூங்கி எந்திரிச்சாச்சு தெளிஞ்சிருச்சுன்னு அவரே நம்பிட்டு சாவிய எடுப்பாரு. அந்த நேரத்துல ஒரு ஊது ஊதிட்டு, பூஜ்யம் இல்லன்னா சாவிய வச்சிருங்க.

பராமரிப்புல முக்கியம் காலிபரேஷன், அதாவது மெஷின் காட்டுற அளவு சரியான்னு பாத்து திருத்துறது. சென்சார் நாளாக நாளாக விலகும், ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள ஒரு தடவ பண்ணணும்னு பொதுவா சொல்றாங்க, உங்க மாடலுக்கு எவ்ளோன்னு மேனுவல்ல இருக்கும், சிலதுல இத்தன டெஸ்ட்டுக்கு ஒரு தடவன்னு போட்டிருப்பாங்க. இது வீட்ல பண்ற வேலை இல்ல. அளவு தெரிஞ்ச ஆல்கஹால் கேஸையோ, 34 டிகிரில வச்ச ஆல்கஹால் கரைசல்ல இருந்து வர்ற ஆவியையோ குடுத்து சரி பண்ணுவாங்க. குடிக்காதப்ப ஊதுனேன், பூஜ்யம் காட்டுது, நல்லாத்தான் இருக்குன்னு நினைக்காதீங்க, பூஜ்யத்த சரியா காட்டுற மெஷின் 0.06 இருக்கிற இடத்துல 0.03னு காட்டலாம். மவுத்வாஷ கொப்பளிச்சுட்டு ஊதி வேலை செய்யுதான்னு பாக்குற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்டுருங்க, அவ்ளோ ஆல்கஹால் ஒரே அடியா போனா சென்சார் திணறிப் போகும், கெட்டும் போகலாம். புகைய உள்ள ஊதுறதும் அதே மாதிரிதான்.

மவுத்பீஸ் ஆளுக்கு ஒண்ணு. கழுவி யூஸ் பண்ற மாதிரின்னா வெறும் தண்ணி, லேசா சோப்பு, நல்லா காஞ்ச பிறகுதான் மாட்டணும். மெஷின் மேல துடைக்கிறதுக்கு ஆல்கஹால் வைப்ஸ், ஸ்ப்ரே எதுவும் வேணாம், ஈரத்துணிய நல்லா பிழிஞ்சுட்டு துடைச்சா போதும். வெயில்ல நிக்கிற கார் டேஷ்போர்டுல வைக்காதீங்க, சூடு சென்சாருக்கு எமன், பர்ஃப்யூம் பாட்டிலோட ஒரே பையிலயும் போடாதீங்க. குளிர்ல கெடந்துச்சுன்னா ரூம் சூட்டுக்கு வந்த பிறகு ஆன் பண்ணுங்க. பேட்டரி லோன்னு காட்டுனா அந்த ரீடிங் கணக்குல இல்ல. ரொம்ப நாள் எடுக்கலைன்னா பேட்டரிய கழட்டி வைங்க, மறுபடி எடுக்கும்போது குடிக்காம ரெண்டு மூணு தடவ ஊதிட்டு யூஸ் பண்ணுங்க. கடைசியா காலிபரேஷன் பண்ண தேதிய ஒரு சின்ன ஸ்டிக்கர்ல எழுதி மெஷின் பின்னாடி ஒட்டிருங்க, வீட்ல வேற யாரு எடுத்தாலும் தெரியும். காலிபரேஷன் பண்ணியும் அளவு நிக்கலன்னா சென்சார் ஆயுசு முடிஞ்சது, சென்சார் மாத்துற மாடல்னா மாத்துங்க, இல்லன்னா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க, சும்மா கெடக்கேன்னு வேற யாருக்கும் தூக்கிக் குடுத்துறாதீங்க.