டைமிங் செயின் சத்தம்: புதிதாகக் கை வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயில் குறைந்த வண்டியை ஓட்டக் கூடாது, சர்வீஸைத் தள்ளிப் போடக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த கதை, அதை விட்டுவிடுகிறேன். இது மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் புதிதாக ஸ்பேனர் பிடிக்கிற பையன்களுக்கு. ஸ்கேனரை எங்களைவிட நன்றாகவே கையாளுகிறார்கள். ஆனால் டைமிங் செயின் என்று வந்துவிட்டால், எங்கள் தலைமுறை இடறிய அதே படியில்தான் அவர்களும் இடறுகிறார்கள்.

பிஸ்டன்கள் சுற்றுகிற கிராங்கையும், வால்வுகளைத் திறந்து மூடுகிற கேமையும் இணைத்து ஓடுவதுதான் டைமிங் செயின். அது நீள்வது இரும்பு இழுபட்டு அல்ல. ஒவ்வொரு கண்ணியிலும், கோத்து நிற்கும் பின் என்ற சின்ன ஆணியும் அதைச் சுற்றிய புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு கண்ணியில் மயிரிழை அளவு. செயின் முழுக்கச் சேர்த்தால் சில மில்லிமீட்டர். கிராங்க் இரண்டு சுற்று, கேம் ஒரு சுற்று என்ற கணக்கு அப்படியே இருக்கும். ஆனால் கேம் தன் இடத்துக்குக் கொஞ்சம் பிந்தி வரும். இந்தத் தொய்வை, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் தள்ளித் தள்ளிச் சமாளிக்கும். இனித் தள்ள இடமில்லை என்ற நிலையில் செயின் கவரில் உரச ஆரம்பிக்கும், ஸ்ப்ராக்கெட் சக்கரத்தில் பல் தாண்டவும் செய்யும்.

சூடான இன்ஜினில் காது வைப்பது

வண்டிக்காரர் வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வருகிறார். பதினோரு மணி வெயிலில் பானட்டைத் திறந்து கேட்டால் ஒன்றும் கேட்காது. "சும்மா டேப்பட் சத்தம்", அதாவது வால்வை அழுத்தும் பாகத்தின் சத்தம் என்று அனுப்பிவிடுகிறார்கள். ராத்திரி முழுக்க நிற்கும் வண்டியில் டென்ஷனரிலிருந்து ஆயில் இறங்கியிருக்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் பிரஷர் ஏறுகிற முதல் இரண்டு மூன்று விநாடிக்குத்தான் அந்தக் 'கரகர'. வண்டியை ஒரு ராத்திரி ஒர்க்‌ஷாப்பில் விட்டுப் போகச் சொல்லுங்கள். காலையில் ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை டைமிங் கவரில் வைத்துக் கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்க வேண்டும். டேப்பட் சத்தம் மேலே வால்வு கவரில், சீராக 'டிக் டிக்' என்று கேட்கும். செயின் சத்தம் பக்கக் கவரில், ஒழுங்கில்லாமல் வரும். ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்துச் சட்டென்று விடும்போது கூடும். ஆல்டர்னேட்டர் பேரிங்கா என்று சந்தேகமா? ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில விநாடி மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் அப்படியே இருந்தால் அது உள்ளேதான்.

சத்தத்தை ஆயிலால் மூடுவது

எத்தனை தடவை சொன்னாலும் நிற்காத தவறு இது. எனக்கு இன்னும் எரிச்சல் வருவதும் இதில்தான்.

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வியாபாரம் பண்ணும் ஓர் அண்ணாச்சியின் 1.3 லிட்டர் டீசல் கார். காலையில் 'கரகர' என்று கேட்கிறது என்று பக்கத்தில் ஓர் இடத்தில் காட்டியிருக்கிறார். அங்கிருந்த பையன் 5டபிள்யூ-30 ஆயிலை இறக்கிவிட்டு அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றி, கூடவே டப்பாவில் வரும் ஏதோ திரவத்தையும் கலந்துவிட்டான். சத்தம் அடங்கிவிட்டது. அண்ணாச்சிக்குப் பெரிய சந்தோஷம். கேட்டவர்களிடமெல்லாம் அந்தப் பையனைப் புகழ்ந்திருக்கிறார். அப்புறம் ஒருநாள் திருவனந்தபுரம் போகும் வழியில், குழித்துறை தாண்டியதும் 'டப்' என்று ஒரு சத்தம், வண்டி நின்றுவிட்டது. செல்ஃப் அடித்தால் இன்ஜின் வழக்கத்தைவிட வேகமாக, கனமே இல்லாமல் சுற்றியது. கம்ப்ரஷன் போனதற்கு அதுதான் அடையாளம். அவர் அதோடு விட்டிருக்கலாம். ஸ்டார்ட் ஆகுமென்று திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார். கட்டி இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைத் திறந்தால் வால்வைத் தள்ளும் ராக்கர்கள் முறிந்து கிடக்கின்றன, வால்வும் வளைந்திருக்கிறது. பழைய செயினைப் பக்கவாட்டில் படுக்கப் பிடித்தேன். துணி காயப்போட்ட கொடி மாதிரி தொய்ந்தது. புதுச் செயின் அப்படி வளையாது. செயின் செட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, ஹெட் வேலையும் சேர்ந்து பல மடங்காகிவிட்டது.

பிறகு அந்தப் பையனைப் பார்த்தபோது கேட்டேன். "சத்தம் போச்சுல்லா ஆசானே?" என்றான். போச்சு மக்கா, சத்தம் மட்டும்தான் போச்சு.

கெட்டி ஆயில் என்ன செய்கிறது? சூடானபின் பிரஷர் கொஞ்சம் கூடி நிற்பதால் டென்ஷனர் அழுத்திப் பிடிக்கும், சத்தம் குறையும். ஆனால் காலையில் அதே ஆயில் மெதுவாகத்தான் மேலே ஏறும். நம் ஊரில் உறையும் குளிர் கிடையாது என்பது சரிதான். இருந்தாலும் செயினுக்கும் டென்ஷனருக்கும் ஆயில் போய்ச் சேரத் தாமதம் தாமதம்தான். டென்ஷனருக்குள் இருக்கும் சின்னத் துளைகள் கம்பெனி சொன்ன ஆயிலின் இளக்கத்துக்கு ஏற்றவை. ஆக, தேய்மானம் நடந்துகொண்டே இருக்கிறது, அதைச் சொல்லிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் அடங்கிவிடுகிறது.

இதற்காக ஆயில் மாற்றுவதே தப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பெனி சொன்ன கிரேடில் நல்ல ஆயிலும் நல்ல ஃபில்டரும் போட்டு, மறுநாள் காலையில் கேட்பதுதான் முதல் வேலை. மலிவான ஃபில்டருக்குள் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வால்வு சரியாக இருக்காது. ராத்திரியில் ஆயில் முழுக்க இன்ஜின் அடியிலுள்ள சம்ப்புக்கு இறங்கிவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுச் செயினைப் பிரித்தவர்களும் உண்டு. ஃபில்டர் மாற்றியும் சத்தம் நின்றபாடில்லை என்றால் கவரைக் கழற்ற வேண்டியதுதான். வண்டிக்காரரிடம் அன்றைக்கே அதைச் சொல்லிவிடுங்கள். முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

எரர் கோடு வந்ததும் சென்சாரை மாற்றுவது

பி0016 என்று ஸ்கேனர் காட்டினால், கேமும் கிராங்கும் எதிர்பார்த்த கோணத்தில் ஒத்துப் போகவில்லை என்றுதான் பொருள். சென்சார் கெட்டது என்று அது சொல்லவில்லை. சென்சார் சர்க்யூட்டுக்கு பி0335, பி0340 என்று தனிக் கோடுகளே இருக்கின்றன. ஆனாலும் கேம் சென்சாரை மாற்றி, கோடை அழித்து, லைட் அணைந்ததும் பணத்தை வாங்கிவிடுகிறார்கள். சில நாளில் லைட் திரும்ப வரும். இந்தக் கோடோடு காலைச் சத்தமும், ஐடிலிங்கில் நடுக்கமும், மேட்டில் இழுவைக் குறைவும் சேர்ந்திருந்தால் கவனம் செயின் பக்கம்தான் போக வேண்டும். வேரியபிள் வால்வு டைமிங் (ஓடும்போதே வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் ஏற்பாடு) உள்ள இன்ஜினில் அதன் ஆயில் வால்வையும் பார்த்துவிடுங்கள். அது அடைத்தாலும் இதே கோடு வரும்.

காந்தத்தை மட்டும் நம்புவது

இறக்கிய ஆயிலில் காந்தத்தை விட்டுத் துழாவி, இரும்புத்தூள் இல்லை என்று நிம்மதி அடைகிறார்கள். செயின் ஓடுகிற கைடு பிளாஸ்டிக். அது உடைந்தால் காந்தத்தில் ஒட்டாது. சம்ப்பில் விழுந்து ஆயில் பம்பின் ஸ்ட்ரெய்னர் வலையை அடைக்கும். ஆயில் பிரஷர் குறையும், டென்ஷனர் தளரும், செயின் மிச்சமிருக்கும் கைடையும் அடித்து நொறுக்கும். ஆயிலைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். தேன் நிறத்திலோ கறுப்பிலோ சிறு துண்டு கிடந்தால் சம்ப்பைக் கழற்றாமல் வண்டியை விடாதீர்கள்.

செயினை மட்டும் மாற்றுவது

டென்ஷனர், கைடு, ஸ்ப்ராக்கெட் எல்லாம் சேர்த்து மாற்ற மனமில்லை என்றால் கவரையே கழற்ற வேண்டாம்.

எல்லா வண்டிக்கும் ஒரே பேச்சு

பழைய 2.5 லிட்டர் இன்னோவாவில் இருப்பது பெல்ட், கிறிஸ்டாவில் செயின். பெல்ட் இப்படிக் கரகரத்து எச்சரிக்காது, கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்ற வேண்டும். புல்லட்டிலும் இதே குழப்பம். பழைய புஷ் ராடு புல்லட்டில் டைமிங் கியர்தான்; கிளட்ச் பக்கம் இருப்பது பிரைமரி செயின், அது வேறு. 2020-இல் மீட்டியாரோடு வந்த 350 இன்ஜினில்தான் கேமுக்குச் செயின். ஸ்ப்ளெண்டரில் மேக்னட் பக்கம் 'சலசல' என்று கேட்டால் முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். விடியலில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களின் வண்டிகளில், ஒரு லிட்டரைத் தாண்டாத அந்த ஆயிலில் பாதி காணாமல் போயிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

சரிவில் கியரை மட்டும் நம்புவது

பேச்சிப்பாறை மேடுகளில் கைப்பிரேக் போடாமல் முதல் கியரில் நிறுத்தினால், வண்டி பின்னுக்கு அசையும்போது இன்ஜின் எதிர்ப்பக்கம் சுற்றும். டென்ஷனர் தளர்ந்த இன்ஜினில் பல் தாண்ட அது போதும். ஒர்க்‌ஷாப்பில் கிராங்க் போல்ட்டைப் பிடித்துப் பின்பக்கம் சுற்றுவதும் இதே வகைதான்.

கலர் கண்ணி கூடவில்லை என்று மறுபடி பிரிப்பது

புதுச் செயினின் கலர் கண்ணிகளைக் குறிகளோடு சேர்த்து மாட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றியதும் கண்ணிகள் வேறெங்கோ நிற்கும். பையன்கள் பயந்துபோய் மொத்தத்தையும் பிரித்துவிடுகிறார்கள். கண்ணிகள் மாட்டும்போது மட்டும்தான் கூடும். திரும்பக் கூட வெகுநேரம் சுற்ற வேண்டும். இரண்டு சுற்றுக்குப் பிறகு பார்க்க வேண்டியது கிராங்க், கேம் ஸ்ப்ராக்கெட் குறிகளைத்தான். அவை சரியாக இருந்தால் கவரை மூடலாம். சுற்றும்போது எங்காவது முட்டினால் மட்டும் பலம் போட்டுத் திருப்பாதீர்கள். வால்வு பிஸ்டனைத் தொட்டிருக்கலாம். அப்போது பிரித்துத்தான் ஆக வேண்டும்.