பழுப்பு நிறம் வந்தால் போதுமா? நுண்ணுயிர் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுண்ணுயிரைக் கொண்டு வெள்ளி நானோ துகள் செய்பவர்கள் அதிகம் ஏமாறுவது நிறத்திடம்தான். பாக்டீரியா வளர்ந்த ஊடகத்தை வடிகட்டி, 1 மில்லிமோலார் அளவுக்கு சில்வர் நைட்ரேட் சேர்த்து வைக்கிறோம். மறுநாள் வெளிர்மஞ்சள் திரவம் பழுப்பாகியிருக்கும். நிறமாலைமானியில் 420 நானோமீட்டர் பக்கம் வெள்ளி நானோ துகளுக்குரிய ஒளி உறிஞ்சல் மேடும் தெரியும். சரி, துகள் வந்துவிட்டது. ஆனால் அதை உண்டாக்கியது பாக்டீரியாதானா?

ஈஸ்ட் சாறு, பெப்டோன், குளுக்கோஸ் எல்லாமே தாமாகவே வெள்ளி அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து வெள்ளி உலோகமாக ஒடுக்கக்கூடியவை. வெளிச்சம் பட்டால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். அதனால் நுண்ணுயிர் படாத வெறும் ஊடகத்திலும் அதே அளவு சில்வர் நைட்ரேட் ஊற்றி, அதே வெப்பத்தில், அதே இருட்டில் வைக்க வேண்டும். இந்தக் கண்ட்ரோல் குடுவையும் பழுப்பானால், பெருமை பாக்டீரியாவுக்குப் போகக் கூடாது. செல்களைப் பிரித்துக் கழுவி, வாலை வடிநீரில் போட்டு வைத்து, அந்த நீரை மட்டும் பயன்படுத்தினால் இந்தக் குழப்பம் பெருமளவு குறையும்.

ஊடகத்தில் சாப்பாட்டு உப்பு இருந்தால் வேறொரு வம்பு. வெள்ளி குளோரைடு வெள்ளையாக வீழ்படிந்துவிடும், வெளிச்சத்தில் அதுவும் கறுக்கும். தாமிரக் கதிர்மூலம் வைத்த எக்ஸ்ஆர்டியில் (படிகத்தை எக்ஸ் கதிரால் அடையாளம் காணும் சோதனை) 38.1 பாகையில் வரும் உச்சம் வெள்ளி, 32.2 பாகையில் ஓங்கி நிற்பது பெரும்பாலும் குளோரைடு. இரண்டாவதைக் கவனிக்காமல் விடுபவர்கள் நிறைய.

அப்புறம், பாக்டீரியாவைக் கொல்கிறதா என்று சோதிக்கும்போது துகளைக் கழுவாமல் ஊற்றிவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் வெள்ளி அயனியே நன்றாகக் கொல்லும். மையவிலக்கில் சுழற்றிப் பலமுறை கழுவுங்கள். வெறும் வடிதிரவத்தையும் சில்வர் நைட்ரேட்டையும் தனித்தனியே சோதித்து ஒப்பிடுங்கள்.

நொதிப் பக்கமும் இதே கதைதான். ஸ்டார்ச் தட்டில் அயோடின் ஊற்றியதும் தெரியும் தெளிந்த வளையத்தைப் பார்த்து, எது பெரிய வளையமோ அதுவே சிறந்த அமைலேஸ் (ஸ்டார்ச்சை உடைக்கும் நொதி) தரும் என்று முடிவு கட்டுகிறார்கள். வளையத்தின் அகலம் நொதி எவ்வளவு பரவியது, காலனி எவ்வளவு வளர்ந்தது, அகார் எவ்வளவு தடிமன் என்பதையெல்லாம் பொறுத்தது. முதல் கட்டத் தேர்வுக்கு அது போதும், அளவீட்டுக்குப் போதாது.

அளவிட டிஎன்எஸ் முறைக்கு (நொதி விடுவிக்கும் சர்க்கரையை டைநைட்ரோசாலிசிலிக் அமிலத்தின் நிறமாற்றத்தால் அளப்பது) போனாலும் அந்த வினைப்பொருளுக்கு நொதி தெரியாது. ஒடுக்கும் சர்க்கரை எங்கிருந்து வந்தாலும் நிறம் காட்டும். ஊடகத்தில் மிஞ்சிய குளுக்கோஸும் கணக்கில் ஏறிவிடும். கொதிக்க வைத்து முழுதாகச் செயலிழக்கச் செய்த நொதிக் கரைசலையும் கூடவே அளந்து கழித்தால்தான் உண்மை எண் கிடைக்கும். தவிர, குளுக்கோஸ் தாராளமாக இருந்தால் பல நுண்ணுயிர்கள் அமைலேஸ், செல்லுலேஸ் (செல்லுலோஸை உடைக்கும் நொதி) சுரப்பதையே அடக்கிவிடும். விளைச்சல் கூடட்டும் என்று சர்க்கரையை அள்ளிப் போட்டால் செல்தான் பெருகும்.

60 பாகை செல்சியஸில் உச்சச் செயல்பாடு என்று எழுதும் முன், எத்தனை நிமிட வினையில் அது கிடைத்தது என்று பாருங்கள். பத்து நிமிடத்தில் ஜொலிக்கும் நொதி ஒரு மணி நேரத்தில் செத்துப்போகலாம். ஆலைக்குத் தேவை நிலைப்புத்தன்மை. அதனால் அந்த வெப்பத்திலேயே நொதியை வைத்திருந்து, அவ்வப்போது எடுத்து அளந்து, பாதிச் செயல்பாடு எப்போது போகிறது என்பதையும் சேர்த்துக் கொடுங்கள்.