வளர்த்த பசுவை நல்ல கைக்கு மாற்றிவிடுவது எப்படி

நிலத்தை விற்கவோ ஊரை விட்டுப் போகவோ நேரும்போது, பெரும்பாலோர் மாட்டைப் பற்றிக் கடைசி வாரத்தில்தான் யோசிக்கிறார்கள். அவசரத்துக்குத் தரகர் வருவார், கயிறு கைமாறும். சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை முடிந்துவிட்டால் மாடு எங்கே போகிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதனால் மூன்று மாதம் முன்பே தேடத் தொடங்குங்கள். தை அறுவடை முடிந்து வைக்கோல் மலிவாகக் கிடைக்கும் மாசி மாதம் நல்ல காலம். அடைமழையிலும் கத்திரி வெயிலிலும் மாற்ற வேண்டாம். சினை ஏழு மாதம் தாண்டியிருந்தால் கன்று ஈன்று ஒன்றிரண்டு மாதம் போகட்டும்.

இலவசமாகத் தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சேதி முதலில் எட்டுவது வியாபாரிக்குத்தான். நியாயமான விலை சொல்லுங்கள். விற்க மனமில்லாதவர்களுக்கு நம் ஊர்களில் பழைய வழி ஒன்று இருக்கிறது: வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, விடுவது. மாடு உங்களுடையதாகவே இருக்கும். வளர்ப்பவருக்குப் பாலும் சாணமும். கன்றுகளை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம். உங்களைக் கேட்காமல் அவர் விற்க முடியாது என்பதுதான் இதில் பெரிய பலம். விற்றுவிட்டு 'வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது' என்று வாங்கும் வாக்குக்கு அவ்வளவு பலம் கிடையாது.

வாங்க வருபவரின் பேச்சை விட அவர் கொட்டகையைப் பாருங்கள். சொல்லாமல், சாயங்காலம் தீவனம் போடும் நேரத்தில் போங்கள். ஏற்கெனவே நிற்கும் மாடுகளுக்கு விலா எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறதா, குளம்பு வளர்ந்து வளைந்திருக்கிறதா, காதுக்குள் உண்ணி இருக்கிறதா, தரை வழுக்குகிறதா? தண்ணீர் வசதியோடு பத்து சென்ட்டில் கம்பு நேப்பியர் கோ 5 தீவனப் புல் இருந்தால் ஒரு மாட்டின் பசுந்தீவனத்தைச் சமாளித்துவிடலாம். அதுவும் இல்லை, வைக்கோல் போரும் இல்லை என்றால் எத்தனை அன்பான குடும்பமானாலும் வேண்டாம். தனி மாடாக நிற்க வேண்டிய இடத்தையும் தவிர்ப்பது நல்லது; கூட்டத்தில் வளர்ந்த பசு தனியே விட்டால் கத்தியே இளைத்துப்போகும்.

உங்கள் மாட்டின் குறையை மறைக்காதீர்கள். ஒரு காம்பு அடைத்தது, மடிநோய் வந்து போனது, புது ஆளைக் கண்டால் உதைப்பது எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மறைத்துக் கொடுத்த மாடுதான் அடுத்த வாரம் சந்தைக்கு வருகிறது.

அனுப்புவதற்கு மூன்று வாரம் முன்பு கோமாரித் தடுப்பூசி நிலுவையில் இருந்தால் போட்டுவிடுங்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் இலவசம். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர நாளாகும் என்பதால் முந்தின நாள் போடுவதில் பயனில்லை. குடற்புழு மருந்தையும் அதே சமயத்தில் மருத்துவரைக் கேட்டுக் கொடுத்துவிடலாம். காதுவில்லையின் 12 இலக்க எண், வயதைக் காட்டும் பல் கணக்கு, நிறம், கொம்பு, சுழி, விலை அல்லது வார நிபந்தனை எல்லாவற்றையும் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து வாங்குங்கள். மாட்டின் மேல் வங்கிக் கடனோ காப்பீடோ இருந்தால் அதை முடிக்காமல் கைமாற்றாதீர்கள். பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது என்ற மருத்துவச் சான்று வண்டியிலேயே இருக்க வேண்டும்.

ஒரு பசுவுக்கும் கன்றுக்கும் குட்டியானை வண்டி போதும். ஆனால் அதன் பக்கப் பலகை தாழ்வானது. சவுக்குக் கழி கட்டி நாலரை அடியாவது உயர்த்தியாக வேண்டும். தரையில் தென்னைநார் விரிப்பு, மேலே வைக்கோல். வண்டியைப் பின்பக்கமாக மேட்டில் ஒட்டி நிறுத்தினால் ஏற்றுவது சுலபம். மேட்டுக்கும் வண்டிக்கும் நடுவே இருக்கும் இடுக்கில்தான் கால் மாட்டி ஒடிகிறது, அதைப் பலகை போட்டு மூடுங்கள். வாலை முறுக்க வேண்டாம். கன்றை முதலில் ஏற்றினால் தாய் தானாகப் பின்னால் வரும். கன்றை முன்பக்கம் தனியாகத் தடுத்துக் கட்டுங்கள், பிரேக் போட்டால் தாய் அதன் மேல் விழாது. பசு ஓட்டுநர் பக்கம் பார்த்து நிற்கட்டும். கழுத்துக் கயிற்றில் கட்டுங்கள். மூக்கணாங்கயிற்றை வண்டியில் கட்டினால் ஒரே குலுக்கலில் மூக்கு கிழிந்துவிடும். விடியற்காலையில் கிளம்பி வெயிலுக்கு முன் சேர்ந்துவிடுங்கள், பழகிய ஆள் ஒருவர் கூடவே போகட்டும்.

கூடவே 50 கிலோ பழைய வைக்கோலும் அனுப்புங்கள்; நாளுக்கு ஐந்து கிலோ வீதம் பத்து நாளுக்கு வரும். அதில் புதுத் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும். தண்ணீர் குடித்துப் பழகிய தொட்டியோ வாளியோ கூடப் போனால் நல்லது. உப்புத் தண்ணீர் ஊரானால் முதல் இரண்டு நாள் குடிக்க மறுக்கும். தவிடு கலந்து வைத்துப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்த லட்சுமி என்று வந்தவுடன் பானை நிறைய பொங்கலும் சோறும் வைப்பதுதான் உயிரையே எடுக்கக்கூடியது. அரிசிச் சோறு திடீரென்று நிறைய உள்ளே போனால் வயிற்றில் அமிலம் பொங்கும். அசைபோடுவது நின்று, சாணி தண்ணீராகிப் புளித்த வாடை வீசும், மறுநாளே படுத்துவிடும். பூசைக்கு ஒரு கைப்பிடி போதும். இந்த அறிகுறி கண்டாலோ, இடப்பக்க வயிறு உப்பினாலோ 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணுக்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள்.

முதல் வாரம் மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடக் கூடாது. பக்கத்து ஊராக இருந்தால் நேரே உங்கள் வாசலுக்கு நடந்து வந்துவிடும். மற்ற மாடுகளிடமிருந்து மூன்று வாரம் தள்ளிக் கட்டட்டும், ஆனால் பார்வையில் இருக்கட்டும். பால் பாதியாகக் குறையும். மிரண்ட மாடு பாலை விடாமல் அடக்கிக்கொள்ளும், அதற்காகப் பாலை இறக்கும் ஊசி தேட வேண்டாம். எந்தப் பக்கம் உட்கார்ந்து கறப்பீர்கள், என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு வாரத்தில் பெரும்பாலும் சரியாகும். பத்து நாள் தாண்டியும் ஏறவில்லையென்றால் மடியைச் சோதிக்க வேண்டும்.

கறவை நின்ற கிழப்பசுவுக்கு இடம் கிடைப்பது கடினம். தீவனச் செலவை மாதாமாதம் நீங்களே தருவதாகச் சொல்லி, தெரிந்த குடும்பத்தில் வாரம்போல விட்டுவைப்பது மேல். கோசாலையானால் முதலில் அங்கே இருக்கும் மிக வயதான மாடுகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் திரும்பிவிடுங்கள். கொடுத்த பிறகு ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் போதும். அதற்கு முன் போனால் உங்கள் குரலைக் கேட்டு மறுபடி தீவனத்தை விட்டுவிடும்.