அம்பாசடர் செல்ஃப் அடிக்கவில்லையா? புது பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பழைய அம்பாசடர், மோரிஸ் மைனர் வைத்திருக்கும் பலர், சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டால் நேராகப் போய் புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். புது பேட்டரிக்குத் தெம்பு அதிகம், கொஞ்ச நாள் வண்டியும் ஓடும், அப்புறம் அதே டக். பெரும்பாலும் கோளாறு பேட்டரிக்கும், எஞ்சினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாருக்கும் நடுவில் ஏதோ ஒரு இணைப்பில்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர், 12 வோல்ட் பல்பில் இரண்டு ஒயர் வைத்த ஒரு டெஸ்ட் லேம்ப், சாவியைத் திருப்ப ஒரு ஆள், இவ்வளவு போதும்.

தொடங்கும் முன் கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போடுங்கள். கையில் வாட்ச், மோதிரம், காப்பு எதுவும் வேண்டாம், பேட்டரி டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவில் தங்கம் மாட்டினால் விரல் வெந்துவிடும். அப்புறம் பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். பழைய மோரிஸ் மைனரில் பாசிட்டிவ்தான் எர்த், தெரியாமல் மாற்றி மாட்டினால் டைனமோ (எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது) போய்விடலாம். நான் கீழே சொல்வது நெகட்டிவ் எர்த் வண்டிக்கு. பேட்டரியைக் கழற்றும்போது எர்த்தை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.

முதல் சோதனைக்கு மீட்டரே வேண்டாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விளக்கு சட்டென்று அணைந்துபோனால் ஏதோ ஒரு பெரிய இணைப்பு லூஸ், அனேகமாக பேட்டரி டெர்மினல். விளக்கு மங்கி, செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது செல்ஃப் மோட்டார் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது. விளக்கு கொஞ்சமும் மங்காமல் எரிகிறதா? அப்படியானால் செல்ஃபுக்குக் கரண்டே போகவில்லை, சாவி ஸ்விட்ச், சொலினாய்டு (செல்ஃபுக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச்), செல்ஃபின் கார்பன் பிரஷ் (சுற்றும் பாகத்துக்குக் கரண்டைக் கடத்தும் கரித்துண்டு) என்று அந்தப் பக்கம் தேடுங்கள். படபடவென்று தொடர்ந்து டக்டக் அடித்தால் பெரும்பாலும் பேட்டரி டவுன்தான்.

சரி, பேட்டரி. வண்டியை நிறுத்தி சில மணி நேரம் கழித்து டெர்மினலில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 12-க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள். ஆனால் சும்மா இருக்கும்போது 12.6 காட்டுவதை வைத்து பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போதே மீட்டரைப் பாருங்கள், 10 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது.

இனி வருவதுதான் நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் அதிகம் பேர் செய்யாத சோதனை, என்னைக் கேட்டால் இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நடுவில் ஒரு துருப்பிடித்த இணைப்பில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலும் 150-ஐ அதனால் பெருக்கிப் பாருங்கள், 1.5 வோல்ட் அங்கேயே காலி. வண்டி சும்மா நிற்கும்போது அந்த இடத்தில் எதை வைத்து அளந்தாலும் தெரியாது, கரண்ட் ஓடும்போது மட்டும்தான் தெரியும்.

அதனால் பொறிக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் காயிலிலிருந்து, அதை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்ன ஒயரைக் கழற்றிவிட்டு (வண்டி ஸ்டார்ட் ஆகாமல் சுற்ற மட்டும் செய்யும்), மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு முனை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழில், அதன் மேல் இருக்கும் கிளாம்பில் அல்ல. கறுப்பு முனை செல்ஃப் மோட்டாரில் கேபிள் மாட்டியிருக்கும் போல்ட்டில். சில நொடி அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் அந்தப் பக்கம் சரி. அதிகமாகக் காட்டினால் ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்து அளந்துகொண்டே போங்கள்: குமிழிலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து கேபிளின் மறுமுனை, சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவில். எங்கே வோல்ட் எகிறுகிறதோ அங்கேதான் திருடன். கேபிளே காரணம் என்றால் நல்ல தடிமனான செம்புக் கேபிளாக வாங்குங்கள், மேலே ரப்பர் தடியாக இருந்து உள்ளே நாலு இழை இருக்கும் கேபிள்களும் கடையில் கிடைக்கின்றன.

அடுத்து எர்த் பக்கம். பேட்டரியின் நெகட்டிவ் குமிழுக்கும் எஞ்சின் பிளாக்கின் பெயிண்ட் இல்லாத இடத்துக்கும் நடுவில் அதே மாதிரி அளந்தால் 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் இங்கேதான் நிறைய மாட்டுகிறது. எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டில், அதற்கும் பாடிக்கும் நடுவில் பின்னல் செம்புப் பட்டை ஒன்று இருக்கும். எஞ்சின் இறக்கி ஏற்றிய யாராவது அதைத் திரும்ப மாட்ட மறந்திருப்பார்கள், அல்லது புது பெயிண்டின் மேலேயே முறுக்கியிருப்பார்கள். அப்போது கரண்ட் வேறு வழி தேடி சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கம்பி வழியாக ஓடும். செல்ஃப் அடித்தபின் சோக் கேபிள் சூடாக இருந்தால் மேலே ஆராய்ச்சியே வேண்டாம், எர்த் பட்டையைப் பாருங்கள்.

டெர்மினலில் பூத்திருக்கும் களிம்புக்கு வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து ஊற்றினால் நுரைத்துக் கரைந்துவிடும். பேட்டரி மூடிகளுக்குள் மட்டும் அந்தத் தண்ணீர் இறங்கக் கூடாது. காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு ஈயமும் கிளாம்பும் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். முதலில் வாஸ்லின் தடவிவிட்டு அப்புறம் மாட்டாதீர்கள்.

இணைப்பெல்லாம் சரி, செல்ஃப் போல்ட்டில் வோல்ட்டும் வருகிறது, ஆனாலும் சுற்றவில்லை என்றால் மோட்டாரைக் கழற்ற வேண்டியதுதான், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அதற்கு முன் ஒன்று: பழைய பெண்டிக்ஸ் வகை செல்ஃப் (மோட்டார் சுற்றும்போது அதன் பல்சக்கரம் தானாக நகர்ந்து எஞ்சினின் ஃப்ளைவீலைப் பிடிப்பது) ஃப்ளைவீல் பல்லில் சிக்கிக்கொள்ளும். சாவியை அணைத்துவிட்டு, டாப் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும். மோட்டார் 'ஙீ' என்று தனியாகச் சுற்றி எஞ்சின் அசையாமல் இருந்தால் பெண்டிக்ஸில் அழுக்கு, அதை பெட்ரோலில் கழுவிக் காயவிடுங்கள். எண்ணெய் போட்டால் தூசி ஒட்டி மறுபடி சிக்கும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை. கழற்றிய சின்ன ஒயரை முதலில் திரும்ப மாட்டுங்கள். காயிலின் நடு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து உருவி, காப்புள்ள பிளையரால் பிடித்து, பிளாக்கிலிருந்து கால் அங்குலம் தள்ளி வைத்து அடிக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது. நீல நிறத்தில் கொழுத்த பொறி வந்தால் மூடி, அதற்குள் சுழலும் ரோட்டர், பிளக் ஒயர், பிளக் பக்கம் தேடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் மூடிக்குள் ஈரம் பூத்திருக்கும், காய்ந்த துணியால் துடைத்தாலே பிடித்துவிடும்.

பொறி இல்லையென்றால் டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை எர்த்திலும் இன்னொன்றைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க டெர்மினலிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். பல்பு மினுக் மினுக் என்றால் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனைகள்) வேலை செய்கிறது, காயில் அல்லது பாயிண்ட்டில் பொறி பறக்காமல் தடுக்கும் கண்டென்சர் மேல் சந்தேகம். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் முனைகள் ஒன்றையொன்று தொடவில்லை: மாதக்கணக்கில் நின்ற வண்டியில் முனையில் படலம் பிடித்திருக்கும், தேய்த்துவிட்டு இடைவெளியை 0.015 அங்குலத்துக்குச் சரிசெய்யுங்கள். எரியவே இல்லையென்றால் காயிலுக்கே கரண்ட் வரவில்லை, அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒயர் தேய்ந்து எங்கோ எர்த் ஆகிறது.

இன்னொரு விசித்திரமான அறிகுறி உண்டு. அடிக்கும்போது பிடிக்காது, சாவியை விட்ட அந்தக் கணத்தில் எஞ்சின் ஒரு உதறு உதறும். செல்ஃப் எல்லா வோல்ட்டையும் தின்றுவிட்டுக் காயிலுக்கு மிச்சம் வைக்கவில்லை என்று அர்த்தம், திரும்ப பேட்டரிக்கும் கேபிளுக்கும் போங்கள். தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஸ்டார்ட் ஆகாமல், ஆறியபின் ஆனால், காயிலையும் கண்டென்சரையும் மாற்றிப் பாருங்கள்.

எல்லாம் முடிந்து எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஒரு தடவை மீட்டர் வையுங்கள். ஆல்டர்னேட்டர் வண்டி என்றால் 14 வோல்ட் அருகில் காட்ட வேண்டும். டைனமோ வண்டி ஐட்லிங்கில் சார்ஜ் ஆகாது, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.