ரிட்டயர் ஆன ஜட்ஜ் உங்க கேஸ கேக்க உக்காந்தா என்னென்ன பாக்கணும்

பினாங்கு லைட் ஸ்திரீட் ஹைகோர்ட்ல ஆரம்பிச்ச எங்க சித்தப்பாவோட நிலக் கேஸ் புத்ராஜெயா வரைக்கும் போச்சு, அங்க பெஞ்ச்ல ஒருத்தர் ஏற்கனவே ரிட்டயர் ஆனவர்னு தெரிஞ்சதும், இவரு சொல்ற தீர்ப்பு செல்லுமாடான்னு ராத்திரியில போன் பண்ணிட்டாரு.

செல்லும், ஆனா எந்த கோர்ட்னு முதல்ல பாருங்க. மலேசிய அரசியலமைப்புல 122(1A)னு ஒரு பிரிவு இருக்கு, நம்ம நாட்டுல உயர்ந்த நீதிபதி பதவியில இருந்தவர, நாட்டோட உச்ச கோர்ட்டான கூட்டரசு நீதிமன்றத்துக்கு கூடுதல் நீதிபதியா போடலாம்னு சொல்லுது. கூட்டரசு நீதிமன்றத்துக்கு மட்டும்தான், அதுக்கு அடுத்த படியில இருக்கிற மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இந்த வழி கிடையாது.

வயச பாத்து பயப்படாதீங்க. ஜட்ஜுங்களுக்கு 66 வயசு, மாமன்னர் அனுமதிச்சா மேல 6 மாசம், அதோட முடிஞ்சது, ஆனா கூடுதல் நீதிபதிக்கு அந்த 66 தடையா இருக்காதுன்னு அதே பிரிவுல எழுதியிருக்கு.

அடுத்தது யார் சொல்லி போட்டாங்கங்கிறது, இதத்தான் நெறைய பேரு தப்பா புரிஞ்சிக்கிறாங்க. பிரதமர் இல்ல, தலைமை நீதிபதி ஆலோசனைப்படி மாமன்னர் நியமிக்கிறாரு, எந்த வேலைக்கு இல்லன்னா எவ்வளவு காலத்துக்குன்னு அதுலயே குறிப்பிடணும். 2017ல அப்ப தலைமை நீதிபதியா இருந்த ராவுஸ் ஷாரிஃப கூடுதல் நீதிபதியாக்கி தலைமை நீதிபதியாவே இன்னும் 3 வருஷம் தொடர வச்சாங்க, வக்கீல் மன்றம் எதிர்த்து கோர்ட்டுக்கே போச்சு, 2018ல அவரு விலகிட்டாரு. வேலை குவிஞ்சிருக்கிறப்ப அனுபவம் உள்ளவங்கள கொஞ்ச நாள் கூப்பிடறது நல்லதுதான், ஆனா இருக்கிற நாற்காலிய நீட்டிக்க இந்தப் பிரிவ எடுக்கறது சரியில்லன்னுதான் நான் நெனைக்கிறேன்.

ஹைகோர்ட்ல கேஸ் நடக்குதுன்னா தற்காலிகமா வர்றவங்க நீதி ஆணையர், அது 122AB, அங்க தலைமை நீதிபதிய கலந்துட்டு பிரதமர்தான் ஆலோசனை சொல்லுவாரு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

இப்ப முக்கியமான வேலை. உங்க கேஸோட பழைய தீர்ப்ப எடுங்க, மேல்முறையீட்டுல கேட்டது 3 ஜட்ஜ்னா அந்த மூணு பேர் பேரும் அதுல இருக்கும், இப்ப பெஞ்ச்ல உக்காரப் போறவர் பேரு அதுல இருக்கான்னு ஒண்ணொண்ணா பாருங்க, ஏன்னா முன்னாடி மேல்முறையீட்டுல இருந்தவரே உங்க கேஸ அங்க கேட்டிருக்க வாய்ப்பு உண்டு, தான் குடுத்த தீர்ப்ப தானே மறுபடி விசாரிக்கக் கூடாதுல்ல. இருந்தா விசாரணை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே லோயர்கிட்ட சொல்லிடுங்க, அவரு விலகச் சொல்லி கேப்பாரு, நியமனக் காலம் விசாரணை நாள தாண்டி இருக்கான்னும் கேக்கச் சொல்லுங்க. சித்தப்பா ஃபைல பிரிச்சு பாத்தாரு, அந்தப் பேரு இல்ல, அப்புறம்தான் தூங்கப் போனாரு.