இதய ஆபரேஷன் காயத்தில் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பைபாஸோ வால்வு மாற்றமோ, தேதி குறித்துவிட்டார்கள் என்றால் தொற்றைத் தடுக்கிற வேலையை அன்றைக்கே தொடங்கிவிடுங்கள். தியேட்டர் சுத்தமாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் நெஞ்சுக் காயத்தில் சீழ் வைக்கும் கிருமி பெரும்பாலும் நோயாளியின் மூக்கிலும் தோலிலும் முன்பே குடியிருப்பதுதான்.

ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற அந்தக் கிருமி ஏறத்தாழ 3 பேரில் ஒருவர் மூக்கில் எந்தத் தொந்தரவும் தராமல் உட்கார்ந்திருக்கும். மூக்கில் ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்கும் மாதிரி) எடுத்துப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். கிருமி இருந்தால் வழக்கமாக முபிரோசின் களிம்பை இரண்டு துவாரத்திலும் நாளுக்கு 2 முறை, 5 நாள் போடச் சொல்வார்கள், கூடவே குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் குளியலும் இருக்கும். மூன்றாம் நாளே போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், நல்லது செய்வதாக நினைத்து வீட்டிலேயே ரேசரால் நெஞ்சையும் காலையும் மழித்துக்கொண்டு போகவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாகத்தான் கிருமி உள்ளே போகிறது. முடி எடுத்தாக வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் எடுப்பார்கள். சிகரெட்டை 4 வாரம் முன்பாவது நிறுத்துங்கள்.

சர்க்கரைதான் பெரிய விஷயம். அது ஏறிக் கிடந்தால் கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணுக்கள் மந்தமாகிவிடும், புண்ணும் ஆறாது. ஆபரேஷன் அதிர்ச்சியில் சர்க்கரை நோயே இல்லாதவர்களுக்கும் அளவு எகிறும், அதை 180-க்குள் வைக்கத்தான் இன்சுலின் போடுகிறார்கள். "எனக்குத்தான் சர்க்கரையே இல்லையே, எதற்கு ஊசி?" என்று நர்ஸிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். அதேபோல ஆன்டிபயாடிக்கைக் கூடுதல் நாள் போடச் சொல்லிக் கெஞ்சுவதிலும் பயனில்லை; கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போடும் டோஸ்தான் முக்கியம், பொதுவாக 48 மணி நேரத்துக்குள் நிறுத்திவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, காயத்தைத் தொடுமுன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். டாக்டர் குளிக்கலாம் என்றதும் மென்மையான சோப்பு, ஓடும் தண்ணீர், அப்புறம் சுத்தமான துண்டால் ஒற்றி எடுப்பது, அவ்வளவுதான். பவுடர், எண்ணெய், தெரிந்தவர் சொன்ன களிம்பு எதுவும் வேண்டாம். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு இருமுங்கள், ஏனென்றால் அறுத்த நெஞ்செலும்பு ஒன்றுசேர 6 முதல் 12 வாரம் ஆகும், அது அசைந்தால் தொற்றும் எளிதாகும். மார்பகம் பெரிதாக இருக்கும் பெண்களுக்கு அதன் எடை தையலை இழுக்கும், முன்பக்கம் திறக்கும் தாங்குபிரா போட்டுக்கொள்ளலாம். பைபாஸுக்காக ரத்தக்குழாய் எடுத்த காலை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அங்கேயும் சீழ் பிடிக்கும். உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள்.

தினமும் ஒரே வெளிச்சத்தில் காயத்தைப் போட்டோ எடுத்து வைத்தால் மாற்றம் தெரியும். சிவப்பு பரவுவது, கசிவு, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், புரண்டு படுக்கும்போது நெஞ்சில் 'டிக்'கென்ற சத்தம், இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆபரேஷன் செய்த குழுவிடம் காட்டுங்கள், சில வாரம் கழித்து வந்தாலும் சரி. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை எடுத்துப் போட்டுக்கொண்டு போனால், சீழைப் பரிசோதிக்கும்போது எந்தக் கிருமி என்றே பிடிபடாமல் போய்விடலாம்.