காரில் புளூடூத் அழைப்பு: அந்தரங்கப் பேச்சு பிறர் காதில் விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கைபேசியைக் காரோடு புளூடூத் வழியே இணைத்துவிட்டால், அதன் பிறகு வரும் அழைப்புகள் காரின் ஸ்பீக்கர்களிலேயே ஒலிக்கும். அழைப்பவர் என்ன சொல்லப்போகிறார், அந்த நேரத்தில் வண்டிக்குள் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் கைபேசிக்குத் தெரியாது. தனியாக ஓட்டிச் செல்பவருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை. ஆனால் பின்னிருக்கையில் பிள்ளைகளோ பக்கத்தில் உடன் பணிபுரிபவரோ இருக்கும்போது, மருத்துவமனையிலிருந்து சொல்லப்படும் பரிசோதனை முடிவும், வங்கியின் கடன் நினைவூட்டலும், ஓர் உறவினர் இன்னோர் உறவினரைப் பற்றிச் சொல்லும் குறையும் எல்லோருடைய காதிலும் ஒரே சத்தத்தில் விழும். இத்தகைய சங்கடங்களில் பெரும்பாலானவற்றை, வண்டி நின்றிருக்கும்போது செய்துகொள்ளும் சில மாற்றங்களாலும், அழைப்பை எடுத்தவுடன் சொல்லும் ஒரு வாக்கியத்தாலும் தவிர்த்துவிடலாம். கீழே சொல்லப்படும் எந்த அமைப்பையும் ஓட்டிக்கொண்டே மாற்ற முயல வேண்டாம்.

எதைக் கொடுக்கிறோம் என்பதை முதலில் பாருங்கள்

வெளியிலிருந்து பார்க்க ஒரே இணைப்பாகத் தெரிந்தாலும், கைபேசிக்கும் காருக்கும் இடையில் பல வழிகள் தனித்தனியே திறக்கப்படுகின்றன. அழைப்பின் குரல் ஒரு வழியிலும், பாடல் முதலிய ஒலிகள் மற்றொரு வழியிலும், தொடர்புப் பட்டியலும் அழைப்பு வரலாறும் வேறொரு வழியிலும், குறுஞ்செய்திகள் இன்னொரு வழியிலும் செல்கின்றன. முதல் முறை இணைக்கும்போது கைபேசி இவற்றுக்கெல்லாம் அனுமதி கேட்கிறது. அவசரத்தில் நாம் எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிடுகிறோம். ஆண்ட்ராய்டு கைபேசியில் புளூடூத் பட்டியலில் காரின் பெயருக்கு அருகே உள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டால், இவற்றைத் தனித்தனியாக நிறுத்தும் பொத்தான்கள் வரும். ஐபோனில் காரின் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் இருக்கும் குறியைத் தொட்டால், தொடர்புகளை ஒத்திசைப்பதையும் அறிவிப்புகளைக் காட்டுவதையும் நிறுத்த முடியும்.

வண்டியில் அடிக்கடி மற்றவர்களை ஏற்றிச் செல்பவர்கள், அழைப்பின் குரலையும் பாடலையும் மட்டும் அனுமதித்து, தொடர்புப் பட்டியலையும் குறுஞ்செய்தியையும் மறுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. அப்படிச் செய்தால் டேஷ்போர்டுத் திரையில் பெயருக்குப் பதிலாகப் பெரும்பாலும் வெறும் எண் மட்டுமே தோன்றும். புற்றுநோய் மருத்துவர், வழக்கறிஞர், புதிய வேலைக்காகப் பேசிக்கொண்டிருக்கும் நிறுவனம் என்று நாம் சேமித்து வைத்திருக்கும் பெயர்கள், பேச்சு தொடங்கும் முன்பே செய்தியைச் சொல்லிவிடக்கூடியவை. இதற்கு விலையாக, பெயரைச் சொல்லி அழைக்கச் சொல்லும் காரின் சொந்த வசதியை இழக்க வேண்டியிருக்கும். கைபேசியின் செயலிகளைக் காரின் திரையில் காட்டும் வசதிகளான, 2014-இல் வந்த கார்பிளே, அதற்கு அடுத்த ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு ஆட்டோ ஆகியவற்றைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தடை போதாது. அவற்றில் திரையில் தெரிவதைக் கைபேசியே அனுப்புவதால், பெயர் மறையாது. அத்தகையவர்கள் வெளிப்படையாகத் தெரியக் கூடாத சில எண்களை மட்டும் சுருக்கப் பெயரில் சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

அழைப்பு தானாகக் காருக்குத் தாவும்போது

வீட்டுக்குள் அமர்ந்து ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வெளியே குடும்பத்தில் ஒருவர் வண்டியைக் கிளப்புகிறார். கைபேசிகளில் இருக்கும் புளூடூத்தின் எல்லை ஏறத்தாழ 10 மீட்டர் என்று சொல்வது வழக்கம்; இடையில் சுவர் இருந்தால் அது குறையும், இல்லாமல் போய்விடாது. வாசலில் நிற்கும் கார் உங்கள் கைபேசியை அடையாளம் கண்டு இணைந்துகொண்டால், நடந்துகொண்டிருக்கும் அழைப்பு அப்படியே காரின் ஸ்பீக்கருக்குப் போய்விடக்கூடும். உங்கள் காதில் திடீரென்று சத்தம் நின்றுபோகும். எதிர்முனையில் இருப்பவரோ தாம் பேசுவது யார் காதில் விழுகிறது என்பது தெரியாமல் தொடர்ந்து பேசுவார். ஆகவே குரல் நின்றவுடன் இணைப்பு அறுந்துவிட்டது என்று எண்ணி “ஹலோ, ஹலோ” என்று கூப்பிட்டுக்கொண்டிருக்காமல், கைபேசித் திரையைப் பாருங்கள். ஒலி எங்கே செல்கிறது என்பதைக் காட்டும் குறியில் காரின் பெயர் இருந்தால், அதைத் தொட்டுக் கைபேசியைத் தேர்ந்தெடுத்த பிறகே பேச்சைத் தொடர வேண்டும்.

இது ஒரு முறை நடந்துவிட்டாலே நிலையான தீர்வைச் செய்துவிடுவது நல்லது. அந்த வண்டியை நீங்கள் அரிதாகவே ஓட்டுகிறீர்கள் என்றால், அதன் பட்டியலிலிருந்து உங்கள் கைபேசியை நீக்கிவிடுங்கள். தேவைப்படும் நாளில் மீண்டும் இணைத்துக்கொள்ள ஒரு நிமிடம்கூட ஆகாது. இருவரும் ஓட்டும் வண்டி என்றால், முதலில் யாருடைய கைபேசியை இணைக்க வேண்டும் என்ற முன்னுரிமையைப் பல கார்களின் திரையில் மாற்றலாம். தானாக இணையும் வசதியையே நிறுத்திவைக்கவும் சில கார்களில் வழி உண்டு. இரண்டு கைபேசிகளை ஒரே நேரத்தில் இணைத்துவைக்கும் கார்களில், பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு வரும் அழைப்பும் ஸ்பீக்கரில் வரும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஐபோனில் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை, அதற்குள் தொடுதல் என்ற பகுதியில், அழைப்பின் ஒலி எந்தக் கருவிக்குச் செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. அழைப்பைக் கைபேசித் திரையில் எடுத்தால் கைபேசியிலும், ஸ்டீயரிங் பொத்தானில் எடுத்தால் காரிலும் பேசும்படி நடந்துகொள்ளும் கைபேசி-கார் இணைகளும் உண்டு. எப்படி எடுத்தாலும் காருக்கே போகும் இணைகளும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்பதை வண்டியை நிறுத்திவைத்துச் சோதித்துப் பார்ப்பதுதான் வழி.

கார் செலுத்திப் போய் இறங்கும்போதும் இதே சிக்கல்தான், திசை மட்டும் வேறு. பல வண்டிகளில் எஞ்சினை நிறுத்தினாலும் கதவைத் திறக்கும் வரை திரையும் ஸ்பீக்கரும் வேலை செய்துகொண்டிருக்கும். சிலவற்றில் அதற்குப் பிறகும் சிறிது நேரம் வேலை செய்யும். பேசிக்கொண்டே கைபேசியை எடுத்துக்கொண்டு இறங்குபவர், காரில் இன்னும் அமர்ந்திருப்பவர்களுக்குத் தம் உரையாடலை விட்டுச் செல்கிறார். இறங்கும் முன் காரின் திரையில் அழைப்பைக் கைபேசிக்கு மாற்றும் பொத்தானை அழுத்திவிட வேண்டும்.

எடுத்தவுடன் சொல்ல வேண்டியது

எத்தனை அமைப்புகளை மாற்றினாலும், எதிர்முனையில் இருப்பவருக்கு நம் வண்டிக்குள் நடப்பது தெரியாது. ஆதலால் அழைப்பை எடுத்தவுடன், அவர் வாயைத் திறக்கும் முன், “வண்டியில் இருக்கிறேன், ஸ்பீக்கரில் கேட்கிறது, அப்பாவும் தம்பியும் கூட இருக்கிறார்கள்” என்று சொல்லிவிடுங்கள். வண்டியில் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னால் போதாது, ஏனென்றால் கேட்பவர் நீங்கள் தனியாகப் போவதாகவே எடுத்துக்கொள்வார். கூட இருப்பவர்களைப் பெயரோ உறவோ சொல்லிக் குறிப்பிடும்போது, எதைப் பேசலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்பதை அவரே தீர்மானித்துக்கொள்ள முடிகிறது. வண்டிக்குள் இருப்பவர்களும் ஒட்டுக்கேட்பது போன்ற சங்கடத்திலிருந்து விடுபடுகிறார்கள். வாடகைக் காரில் ஓட்டுநராக இருப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், பின்னால் அமர்ந்திருக்கும் பயணி அவர்களுடைய குடும்ப விவகாரத்தைக் கேட்க விரும்பி ஏறியவர் அல்லர்.

அழைப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சோதனை முடிவு, சம்பளம், கடன், மணமுறிவு போன்றவற்றைப் பற்றிப் பேச அழைப்பவர்கள், முதலில் “இப்போது தனியாகப் பேச முடியுமா?” என்று கேட்டுவிட்டுத் தொடர வேண்டும். வண்டி ஓடும் இரைச்சல் கேட்டால் இன்னும் கவனமாக இருப்பது நல்லது. காத்திருக்கக்கூடிய அழைப்பு என்று உங்களுக்குத் தோன்றினால் எடுக்காமலே விட்டுவிட்டு, நிறுத்தியபின் திரும்ப அழைக்கலாம். அழைப்பை எடுப்பது கட்டாயம் என்ற பழக்கத்தை இந்த ஸ்டீயரிங் பொத்தான் நமக்கு ஏற்படுத்திவிட்டது என்றே நினைக்கிறேன்.

மியூட்டும் முடியாத அழைப்பும்

நம்மைப் பற்றிப் பேசியவர் நாம் கேட்டுக்கொண்டிருந்ததை அறியாமல் பேசிய சம்பவங்களில் பல, அழைப்பு உண்மையில் முடியாமல் இருந்ததால் வருபவை. இருவருமே மற்றவர் துண்டித்துவிடுவார் என்று எண்ணி விட்டுவிடுவது ஒரு காரணம். மற்றொன்று, காத்திருப்பில் வைக்கப்பட்ட அழைப்பு: இரண்டாவது அழைப்பைத் துண்டித்தவுடன் முதல் அழைப்பு தானாக மீண்டும் தொடங்கிவிடக்கூடும். எனவே விடைபெற்ற பின்பு, திரை பழைய வரைபடத்துக்கோ பாடலுக்கோ திரும்பிவிட்டதா என்று பார்த்த பிறகே அழைத்தவரைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தொடங்குங்கள். கருத்தே சொல்லாமல் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மியூட் பொத்தான் இதைவிடவும் ஏமாற்றக்கூடியது. சில கார்களில் ஸ்டீயரிங்கில் இருக்கும் மியூட் மைக்கை அடக்கும். வேறு சிலவற்றில் ஸ்பீக்கரை மட்டும் அடக்கும். இரண்டாவது வகையில், அவர் குரல் உங்களுக்குக் கேட்காது, உங்கள் குரல் அவருக்குத் தெளிவாகக் கேட்கும். நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறானது. தவிர, கைபேசியில் இருக்கும் மியூட்டும் காரில் இருக்கும் மியூட்டும் ஒன்றையொன்று அறியாமல் இயங்குவதும் உண்டு. நம்பிக்கையான ஒருவரை அழைக்கச் சொல்லி, ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பேசி, அவருக்கு என்ன கேட்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கண்ணாடியை ஏற்றினாலும் வெளியே கேட்கும்

காரின் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் கதவுகளுக்குள் பொருத்தப்பட்டிருப்பதால், கதவுத் தகடும் சேர்ந்து அதிர்கிறது. ஒலி உள்ளே மட்டும் நிற்பதில்லை. அழைப்பின் ஒலியளவு பாடலின் ஒலியளவிலிருந்து வேறாகப் பல கார்களில் நினைவில் வைக்கப்படுகிறது. அதைப் பெரும்பாலும் அழைப்பு நடக்கும்போதுதான் மாற்றுகிறோம். நெடுஞ்சாலையின் இரைச்சலை மிஞ்சுவதற்காகக் கூட்டி வைத்த அளவு, வாகன நிறுத்துமிடத்திலும் சிக்னலிலும் அதே அளவில் ஒலிக்கிறது. வண்டியின் எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, உள்ளே ஒருவரைப் பேசச் சொல்லி, நீங்கள் சில அடி தள்ளி நின்று கேட்டுப் பாருங்கள்.

முன்கண்ணாடியில் டேஷ்கேம் என்னும், பயணத்தைப் பதிவுசெய்யும் சிறு கேமராவைப் பொருத்தியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அதில் மைக் இருந்து, ஒலிப்பதிவும் இயங்கிக்கொண்டிருந்தால், ஸ்பீக்கரில் கேட்கும் எதிர்முனைக் குரலும் உங்கள் குரலும் சேர்ந்தே அதன் நினைவக அட்டையில் பதிவாகின்றன. விபத்துக்குப் பிறகு அந்தக் காட்சியை யாருக்காவது கொடுக்க நேர்ந்தால் உரையாடலும் உடன் செல்லும். காட்சிப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு ஒலிப்பதிவை நிறுத்தும் வசதி பெரும்பாலான டேஷ்கேம்களில் இருக்கிறது.

வந்த செய்தியைச் சத்தமாகப் படித்துக்காட்டும் வசதியையும், செய்தியின் முதல் வரியைத் திரையில் காட்டும் வசதியையும் மற்றவர்களோடு பயணிக்கும்போது நிறுத்திவைக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தியைத் தொட்டால் அது காரின் ஸ்பீக்கரில் ஒலிக்கும் என்பதும் பலருக்குத் தாமதமாகவே தெரிகிறது.

பிறர் கையில் போகும் வண்டிகள்

2005-இல் டிரைஃபைனைட் என்ற ஆய்வுக் குழு, 0000, 1234 போன்ற மாறாத இணைப்புக் கடவெண்களைக் கொண்ட கார்க் கருவிகளோடு அந்நியர் ஒருவர் இணைந்து, உள்ளே நடக்கும் பேச்சைக் கேட்கவும் தம் குரலை ஸ்பீக்கரில் ஒலிக்கச் செய்யவும் முடியும் என்று காட்டியது. 2007-இல் வந்த புளூடூத் 2.1, இரண்டு திரைகளிலும் தோன்றும் 6 இலக்க எண்ணை ஒப்பிட்டு உறுதிசெய்யும் முறையைக் கொண்டுவந்தது. அந்த எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்காமல் சம்மதிப்பவருக்கு அதனால் பயனில்லை. பழைய வண்டியில் தனியாக வாங்கிப் பொருத்திய கருவி இருந்தால் அதன் கடவெண்ணை மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

வாடகைக்கு எடுத்த காரில் தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி கொடுக்கவே வேண்டாம். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2016-இல் வாடகைக் கார்களைப் பற்றி வெளியிட்ட அறிவுரையில், கைபேசிக்கு மின்னேற்றவும் காரின் யூஎஸ்பி துளையைத் தவிர்த்து, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சார்ஜரைப் பயன்படுத்தச் சொன்னது. யூஎஸ்பி வழியாகத் தகவலும் செல்லக்கூடும் என்பதே காரணம். உங்கள் கைபேசி இணையாதபோது பெயர்கள் திரையில் தெரியவில்லை என்பதால் அவை அழிந்துவிட்டன என்று பொருளாகாது. காரின் நினைவகத்தில் தங்கியிருக்கும் தொடர்புகளையும் அழைப்புப் பட்டியலையும் புளூடூத் வழியாகவே எடுத்துவிட முடியும் என்று, பிரைவசி4கார்ஸ் என்ற நிறுவனம் 2018-இல் கண்டறிந்து வெளியிட்டது. கைபேசியின் புளூடூத் பெயரில் உங்கள் முழுப்பெயர் இருந்தால் அதையும் மாற்றுங்கள், இணைந்த கருவிகளின் பட்டியலில் அடுத்து வருபவர் முதலில் படிப்பது அதைத்தான்.

பணிமனையில் விடும் முன் கைபேசியைக் காரின் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். வண்டியைப் பிறரிடம் ஒப்படைக்கும்போது திரையைப் பூட்டிவைக்கும் வசதி உங்கள் காரில் இருந்தால் அது இன்னும் எளிது. விற்கும்போது ஒவ்வொரு பெயராக நீக்கிக்கொண்டிருக்காமல், திரையின் அமைப்புகளில் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கும் கட்டளையைக் கொடுத்து, அழைப்புப் பட்டியல் வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். பிறகு உங்கள் கைபேசியின் புளூடூத் பட்டியலிலிருந்தும் அந்த வண்டியை நீக்கிவிடுங்கள். இரண்டு பக்கமும் அழிக்கப்படாத இணைப்பு, வண்டியை வாங்கியவர் எப்போதாவது உங்கள் அருகில் வந்து நிறுத்தினால், கேட்காமலேயே மீண்டும் இணைந்துகொள்ளும்.